18 இன்ச்சை 20 ஆக்கலாமா டாக்டர்?

"டாக்டர், நம்ம வண்டியில 18 இன்ச் வீல். அதை எடுத்துட்டு 20 போடலாம்னு இருக்கேன். போடலாமா, வேண்டாமா?"

சுகர், பிரஷர், தைராய்டு கேள்விகளுக்கு நடுவே இந்தக் கேள்வியும் இன்பாக்ஸில் அடிக்கடி எட்டிப் பார்க்கிறது. டயர் காற்று பற்றி எப்போதோ ஒரு பதிவு போட்டதன் பலன். தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் மொத்தமாக ஒரு இழை. கொஞ்சம் நீளம்தான், டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

முதல்லயே சொல்லிடறேன், நான் மெக்கானிக் இல்லை. கார் பிடிக்கும், அவ்வளவுதான். ஆனால் என் க்ளினிக் இருப்பது நசரத்பேட்டையில். பெங்களூர் ஹைவேயும் வண்டலூர்–மீஞ்சூர் அவுட்டர் ரிங் ரோடும் வெட்டிக்கொள்கிற இடம். மேற்கே போனால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம். ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில், அப்போலோ டயர்ஸ் ஒரகடத்தில், ஜே.கே. டயரும் சியட்டும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம். என்னிடம் வருகிறவர்களில் டயர் கம்பெனி ஷிப்ட் ஆட்கள், லாரி டிரைவர்கள், பஞ்சர் கடைக்காரர்கள், அலைன்மென்ட் பார்க்கிறவர்கள் நிறைய. அவர்களுக்கு நான் முதுகுவலிக்கு வழி சொல்வேன், அவர்கள் எனக்கு டயர் பற்றிச் சொல்வார்கள். இந்த இழையில் உள்ள பாதி விஷயம் அப்படிக் கற்றதுதான்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

காற்றடைத்த டயரை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? ஒரு டாக்டர். மாட்டு டாக்டர். ஜான் பாய்ட் டன்லப், பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்தவர். அவருடைய பையனின் மூணு சக்கர சைக்கிள் கரடுமுரடான தெருவில் தடதடவென்று அடித்தது. ரப்பர் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தைச் சுற்றிக் கட்டினார். 1888ல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். (இதே யோசனைக்கு ராபர்ட் வில்லியம் தாம்சன் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் 40 வருஷம் முன்னாடியே காப்புரிமை வாங்கியிருந்தார். அப்போது அது எடுபடவில்லை. பின்னாடி அந்தப் பழைய காகிதத்தைக் காட்டித்தான் டன்லப்பின் காப்புரிமையே செல்லாது என்று ஆனது. அது தனிக் கதை.)

அம்பத்தூர் பக்கத்துப் பெரியவர்களுக்கு டன்லப் என்றால் டயர் கம்பெனி, சங்கு, ஷிப்ட், போனஸ். அந்தத் தொழிற்சாலை மூடிப் பல வருஷமாச்சு. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மருத்துவர் இருந்தார், அவர் யோசித்தது வேகத்தைப் பற்றி இல்லை, ஒரு சின்னப் பையனின் உடம்பு குலுங்குவதைப் பற்றி என்பதை நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருப்பேன். ஏனென்றால் இந்த மொத்த இழைக்கும் ஆதாரம் அதுதான். டயரில் வேலை செய்வது ரப்பரை விட, உள்ளே இருக்கிற காற்று.

இப்போ உங்கள் வண்டிக்குப் போய் டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படியுங்கள். வால்வோ எக்ஸ்சி40, ஆடி க்யூ3 மாதிரி வண்டிகளில் 18 இன்ச் வீல் என்றால் 235/55 ஆர்18 என்று இருக்கும். மருந்துச்சீட்டு மாதிரி புரியாத கையெழுத்து இல்லை இது, ரொம்பச் சுலபம்.

235 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது அந்த அகலத்தில் 55 சதவீதம், அதாவது டயர் சுவரின் உயரம். 18 என்பது நடுவில் இருக்கிற அலாய் வீலின் விட்டம், இன்ச்சில். 235ல் 55 சதவீதம் 129 மி.மீ. ஆக, ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே 129 மி.மீ. காற்று மெத்தை. மேலே ஒரு 129, கீழே ஒரு 129, நடுவில் 18 இன்ச் என்கிற 457 மி.மீ. கூட்டினால் டயரின் மொத்த விட்டம் சுமார் 716 மி.மீ.

எக்ஸ்சி40க்குக் கம்பெனியே தருகிற 20 இன்ச் அளவு 245/45 ஆர்20. அதில் சுவர் 110 மி.மீ., மொத்த விட்டம் சுமார் 728.

என்ன நடந்தது பாருங்க. வீல் 2 இன்ச், அதாவது 51 மி.மீ. பெரிதாச்சு. ஆனால் வண்டியின் மொத்தச் சக்கரம் 13 மி.மீ. கூட வளரவில்லை. மீதி எங்கிருந்து வந்தது? டயர் சுவரிலிருந்து. காற்றைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் அலுமினியத்தை வைத்திருக்கிறோம். சுவர் 19 மி.மீ. குறைந்திருக்கிறது. உங்கள் கட்டைவிரலின் அகலம்.

"டாக்டர், கிரவுண்ட் கிளியரன்ஸ் கூடும்ல?" என்று கேட்கிறவர்களுக்கு: விட்டம் 13 கூடினால் தரையிலிருந்து உயரம் அதில் பாதிதான் கூடும். 6 மி.மீ. ஒரு பென்சில் தடிமன். அதற்காக லட்சக்கணக்கில் செலவழிக்க வேண்டியதில்லை.

பெரிய வீல் வேறு, பெரிய டயர் வேறு. நம்மில் பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்துக் கடைக்குப் போகிறோம். காட்டுக்குள் போகிற ஜீப்பைப் பாருங்கள். ரிம் சின்னதாக இருக்கும், டயர் புஸ்ஸென்று பெரிதாக இருக்கும். அதுதான் கரடுமுரடுக்கான உடம்பு. பளபளக்கிற ரிம்மைச் சுற்றி ரப்பர் பேண்ட் மாதிரி மெல்லிசாக டயர் இருப்பது வழுவழுப்பான ரோட்டுக்கான உடம்பு. அதற்கும் நன்மை உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். சுவர் குட்டையானால் வளைவில் டயர் நெளிவது குறையும், ஸ்டியரிங் சொன்ன பேச்சைச் சட்டென்று கேட்கும். பார்க்கவும் நன்றாக இருக்கும். எனக்கும் பிடிக்கும், பொய் சொல்வானேன்.

ஆனால் நீங்கள் ஓட்டுவது எங்கே? பூந்தமல்லியிலிருந்து போரூர் வரை மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட வருஷங்களை மறந்திருக்க மாட்டீர்கள். இந்தப் பக்கம், மதுரவாயல்–வாலாஜாபேட்டை ரோட்டின் லட்சணத்தைப் பார்த்து, 2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றமே இரண்டு டோல்கேட்டில் பாதிக் கட்டணம் மட்டும் வாங்குங்கள் என்று உத்தரவு போட்டது. பாதி டோல் ரோட்டில் முக்கால்வாசி டயரோடு போவானேன் என்பது என் கேள்வி.

இப்போ ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

68 வயது அம்மா. மகன் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து கோயிலுக்குப் போயிட்டு வந்திருக்கிறார். தெரு முனையில் பெயின்ட் அடிக்காத ஒரு ஸ்பீடு பிரேக்கர். இருட்டில் மகனுக்குத் தெரியவில்லை. ஒரு தூக்கு, ஒரு குத்து. அம்மா "ஐயோ"ன்னு ஒரு சத்தம் போட்டார், அப்புறம் ஒண்ணுமில்லைப்பா என்று சொல்லிவிட்டார். நம்ம ஊர் அம்மாக்கள் அப்படித்தான். மூன்றாம் நாள் கட்டிலிலிருந்து எழுந்திரிக்க முடியவில்லை. எக்ஸ்ரேயில் டி12 எலும்பு முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி ஆகியிருந்தது.

விழவில்லை. மோதவில்லை. ஒரு ஸ்பீடு பிரேக்கர்.

எலும்பு டாக்டர்களுக்கு இது புதிய விஷயமே இல்லை. பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து வருகிற வயதான பெண்களுக்கு இப்படி ஆவது நம் நாட்டில் நன்றாகத் தெரிந்த ஒன்று. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பின் அடர்த்தி வருஷா வருஷம் குறைகிறது. வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே கட்டை செல்லரித்த மாதிரி ஆகியிருக்கும். நெஞ்சுப் பகுதி முதுகெலும்பும் இடுப்புப் பகுதி முதுகெலும்பும் சேர்கிற இடம், அதாவது டி12, எல்1, அங்கேதான் குத்து வந்து இறங்கும். ஒரு முறை இப்படி நசுங்கினால் அடுத்தது நசுங்கும் வாய்ப்பு இன்னும் கூடுகிறது.

இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் ஸ்பீடு பிரேக்கருக்கு ஒரு அளவு வைத்திருக்கிறது. 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் நீளம், 25 கி.மீ. வேகத்தில் மெதுவாக ஏறி இறங்குகிற மாதிரி ஒரு வளைவு. நம்ம தெருவில் இருப்பது? ராத்திரியோடு ராத்திரியாக யாரோ இரண்டு சட்டி கலவையைக் கொட்டி வைத்த வரப்பு.

அம்மாவுக்கு வலி மருந்து, முதுகுக்கு பெல்ட், வைட்டமின் டி, கால்சியம், எலும்பு அடர்த்தி ஸ்கேன், அதற்கான ஊசி என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் மகன், முப்பத்தைந்து வயசு இருக்கும், போனை நீட்டினார். "டாக்டர், நீங்க கார் ஆளுன்னு கேள்விப்பட்டேன். டயர் மாத்துற நேரம் வந்துருச்சு. அதோட 20 இன்ச் அலாய்க்கு அட்வான்ஸ் குடுத்திருக்கேன். எப்படி இருக்கு?"

நன்றாகத்தான் இருந்தது. கறுப்பு, நடுவில் வெள்ளிக் கோடு.

"தம்பி, அம்மா இந்த வண்டியிலதானே வருவாங்க?"

"ஆமா டாக்டர். வேற வண்டி இல்லையே."

"அப்போ அவங்க முதுகுக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்கிற மெத்தையில ரெண்டு செ.மீ. வெட்டி எடுக்கறீங்க."

அவர் கொஞ்ச நேரம் எக்ஸ்ரேயையே பார்த்துக்கொண்டிருந்தார். "பெல்ட்டை எடுத்ததும் போட்டுக்கலாமா?" என்றார். பெல்ட் கழன்றுவிடும் தம்பி, எலும்பு பழையபடி நாற்பது வயசு எலும்பாக ஆகாது என்றேன்.

இங்கே நேர்மையாக ஒன்று சொல்லணும். அந்த அம்மாவுக்கு அடிபட்டது 18 இன்ச் வீலில். வீல் சைஸ் எலும்பை உடைக்கவில்லை. வேகமும் இருட்டும் செல்லரித்த எலும்பும் சேர்ந்து உடைத்தன. 20 போட்டால் உடையும், 18 போட்டால் உடையாது என்று நான் எழுதினால் அது அறிவியல் இல்லை, பயமுறுத்தல். நான் சொல்வது இவ்வளவுதான். குழி, வரப்பு, ரோட்டு விளிம்பு இப்படிச் சட்டென்று வருகிற அடியில் முதல் பங்கை வாங்கிக்கொள்வது டயர் சுவர். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், சீட்டு எல்லாம் அதற்குப் பிறகுதான். அந்த முதல் பங்கைக் குறைத்துக்கொள்ளும் முன்னால், பின்சீட்டில் யார் உட்காருகிறார்கள் என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தம்பி கடைக்குப் போய்ப் பேசினார். பணத்தைத் திருப்பித் தர மாட்டேன் என்றார்களாம். அட்வான்ஸைக் கழித்துக்கொண்டு அதே 18 இன்ச்சில் நல்ல டயர் நாலு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

அடுத்து, டயருக்கே என்ன ஆகும் என்று பார்ப்போம்.

தண்ணீர் நின்ற குழியில் சக்கரம் இறங்குகிறது. எதிர் விளிம்பில் டயர் மோதுகிறது. சுவர் உயரமாக இருந்தால் அமுங்கி எழும். குட்டையாக இருந்தால் அமுங்க இடம் இல்லை. ரிம்முக்கும் குழியின் விளிம்புக்கும் நடுவில் ரப்பர் பாக்குவெட்டியில் சிக்கிய பாக்கு மாதிரி நசுங்கும். வெளியே ரப்பருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. உள்ளே இருக்கிற நூல் இழைகள் அறுந்திருக்கும். ரெண்டு நாள் கழித்துப் பார்த்தால் சுவரில் ஒரு முட்டை.

ரத்தக்குழாயின் சுவர் பலவீனமான இடத்தில் அழுத்தத்தால் உப்பிக்கொண்டு வருவதை நாங்கள் அனியூரிசம் என்போம். டயரில் வருகிற அந்த முட்டை அச்சு அசல் அதேதான். உள்ளே அழுத்தம், சுவரில் பலவீனம், எப்போது வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. "ஒண்ணும் ஆகாது சார், இன்னும் அஞ்சாயிரம் ஓடும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அதற்கு பஞ்சர் ஒட்ட முடியாது. அந்த டயரோடு அவுட்டர் ரிங் ரோட்டில் 100ல் போகாதீர்கள். மாற்றுங்கள்.

மாற்றுகிற செலவு யாருடையது? உங்களுடையது. உங்கள் இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படியுங்கள். நம் நாட்டு வழக்கமான கார் பாலிசியில், வண்டிக்கும் சேர்த்து சேதம் ஆனால்தான் டயருக்குப் பணம், அதுவும் புது டயர் விலையில் பாதி. டயர் மட்டும் போனால் ஒன்றும் கிடையாது, தனியாக டயர் கவர் எடுத்திருந்தால் ஒழிய. இதில் இன்னொரு தலைவலி, புது டயர் இறக்குமதிக்கு 2020 ஜூனிலிருந்து மத்திய அரசின் கட்டுப்பாடு இருக்கிறது. அரிதான அளவு டயர் என்றால் ஒன்று வெடித்தால் அதே ஜோடி கிடைக்கக் காத்திருக்க வேண்டி வரலாம். 18 இன்ச்சில் இந்தத் தொந்தரவு குறைவு.

ரிம் வளைந்தால்? "சூடு பண்ணி நிமித்திடலாம், விரிசல்னா வெல்டு வச்சிடலாம்" என்பார்கள். உடைந்த எலும்புக்குக் கட்டுப்போட்டால் ஒட்டும். ஏனென்றால் எலும்புக்கு உயிர் இருக்கிறது, தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். அலாய் வீலுக்குப் பலம் வருவது கம்பெனியில் கணக்காகச் சூடேற்றி, குளிர்வித்துச் செய்கிற பக்குவத்தால். அதன் மேல் கண்டபடி வெல்டிங் சூடு பட்டால் அந்தப் பக்குவம் போய்விடும். பார்க்க ஒட்டின மாதிரிதான் இருக்கும். விரிசல் விட்ட வீலைக் கடாசுங்கள்.

எடை பற்றிச் சின்னதாக ஒரு பரிசோதனை. ஒரு நாள் முதுகுப் பையில் இரண்டு கிலோ போட்டுக்கொண்டு வாக்கிங் போங்க. மறுநாள் அதே இரண்டு கிலோவைக் காலுக்கு ஒரு கிலோவாகக் கட்டிக்கொண்டு போங்க. (மூட்டு வலி இருக்கிறவர்கள் செய்ய வேண்டாம், நான் சொன்னேன் என்று யாரிடமும் சொல்லவும் வேண்டாம்.) வித்தியாசம் ரெண்டாவது தெருவிலேயே தெரிந்துவிடும். பெரிய வீல் பெரும்பாலும் கனமான வீல். அந்தக் கனம் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிறது, அதுவும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கிளம்பும்போது இன்ஜின் அதைச் சுற்ற வைக்கணும், பிரேக் பிடித்தால் அதை நிறுத்தணும், குழியில் இறங்கினால் ஸ்பிரிங் அதைத் தூக்கணும். மைலேஜ் குறையும். ஆனால் இந்த வண்டி வாங்கினவர்கள் மைலேஜுக்குக் கவலைப்படுவதாக எனக்குத் தெரியவில்லை.

கவலைப்பட வேண்டியது ஸ்பீடாமீட்டர். எக்ஸ்சி40க்குக் கம்பெனி தருகிற 20 இன்ச் அளவில் விட்டம் 2 சதவீதத்துக்குள் இருக்கிறது, பரவாயில்லை. பிரச்சினை எப்போது வரும் என்றால், "சார், 245 ஸ்டாக் இல்ல, 255/50 இருக்கு, இன்னும் கெத்தா இருக்கும்" என்று கடையில் சொல்லும்போது. கணக்குப் போடுங்கள். 255ல் பாதி 127.5. ரெண்டு பக்கமும் சேர்த்து 255. ரிம் 508. மொத்தம் 763 மி.மீ. பழைய 716ஐ விட ஆறரை சதவீதம் அதிகம். வண்டியின் கம்ப்யூட்டருக்கு இது தெரியாது. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் பழைய தூரம்தான் என்று அது நினைத்துக்கொண்டிருக்கும். மீட்டர் 100 காட்டும்போது முன்பு போனதை விட 6, 7 கி.மீ. கூடுதலாகப் போய்க்கொண்டிருப்பீர்கள்.

ஒல்லியான கைக்கு அகலமான பிரஷர் கஃப் கட்டினால் என்ன ஆகும் தெரியுமா? பிரஷர் உண்மையை விடக் குறைவாகக் காட்டும். நோயாளி நார்மல் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவார். கருவியில் பழுது இல்லை, கட்டின அளவு தப்பு. இதுவும் அதேதான். ஏ.பி.எஸ்., சறுக்கலைத் தடுக்கிற இ.எஸ்.பி. எல்லாமே சக்கரம் சுற்றுகிற கணக்கை வைத்துத்தான் முடிவெடுக்கின்றன. தப்பான கணக்கைக் கொடுத்துவிட்டுச் சரியான முடிவை எதிர்பார்க்க முடியாது. அதோடு, ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பும்போது டயர் உள்பக்க பிளாஸ்டிக்கில் உரசவும் செய்யும்.

அகலமும் அப்படித்தான். அகலமான டயர் என்றால் பிடிப்பு என்று நினைக்கிறோம். காய்ந்த ரோட்டில் சரி. தண்ணீர் தேங்கின ரோட்டில் அகலமான டயர் தண்ணீரை ஒதுக்கிவிட்டுத் தரையைத் தொடுவதற்கு அதிகம் பாடுபட வேண்டும். சீக்கிரம் மிதக்கும். நம்ம பக்கம் நவம்பர், டிசம்பர் எப்படி இருக்கும் என்று நான் சொல்லணுமா?

இவ்வளவுக்கும் பிறகும் "இல்ல டாக்டர், ஆசைப்பட்டுட்டேன்" என்பவர்களுக்கு. ஆசை தப்பில்லை. செய்வதைச் சரியாகச் செய்யுங்கள்.

உங்கள் மாடலுக்குக் கம்பெனியே அங்கீகரித்த அளவு எது என்று டிரைவர் கதவுப் பக்கத்து ஸ்டிக்கரிலும் கையேட்டிலும் பாருங்கள். நான் சொன்ன ரெண்டு வண்டிக்குமே 235/50 ஆர்19 கம்பெனி அளவுதான். சுவர் 117 மி.மீ., மொத்த விட்டம் 718. பழைய 716க்கு ரெண்டே மி.மீ. வித்தியாசம். மீட்டர் பொய் சொல்லாது, மெத்தையும் 12 மி.மீ. தான் குறைகிறது. ஆசையும் தீரும். என் ஓட்டு இதற்கே, அதுவும் பின்சீட்டில் வயதானவர்கள், கர்ப்பிணிகள் வழக்கமாக வராத வீட்டுக்கு. வருகிற வீடு என்றால் 18லேயே இருங்கள், அந்தக் காசில் ஈரத்தில் நன்றாகப் பிடிக்கிற உயர்ந்த ரக டயர் வாங்குங்கள். வெளியே யாருக்கும் தெரியாது. மழையில் பிரேக் அடிக்கும்போது உங்களுக்குத் தெரியும்.

"கம்பெனியே 20 குடுக்குறானே?" குடுக்கிறான். அந்த வீலோடு வண்டியைச் சோதித்துப் பார்த்து, எவ்வளவு காற்று வேண்டும், எவ்வளவு பாரம் தாங்கும் என்று எழுதிக் குடுக்கிறான். நாம் மாற்றும்போது அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

அளவுக்குப் பின்னால் 100வி, 103டபிள்யூ மாதிரி ஒன்று இருக்கும். அந்த எண் பாரம். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 95 என்றால் 690, 91 என்றால் 615. கம்பெனி டயரில் இருந்த எண்ணுக்குக் கீழே போகவே கூடாது. குடும்பத்தோடும் பெட்டிகளோடும் திருப்பதி கிளம்பும்போதுதான் இது வேலைக்கு வரும். பக்கத்திலேயே நாலு இலக்கத்தில் பிறந்த தேதி இருக்கும். 2324 என்றால் 2024ஆம் வருஷம் 23ஆவது வாரம். மாத்திரை அட்டையில் தேதி பார்க்கிற மாதிரி பாருங்கள். "புது ஸ்டாக்" என்று சொல்லி மூணு வருஷம் கிடந்ததைக் கட்டுவார்கள்.

ரிம்மில் ரெண்டு விஷயம். ஆடிக்கும் பென்ஸுக்கும் போல்ட் வட்டம் ஒரே அளவு, 5 போல்ட், 112 மி.மீ. அதனால் ஒன்றின் வீல் இன்னொன்றில் ஏறிவிடும். ஆனால் நடுத்துளை வேறு. க்யூ3யில் 57.1 மி.மீ., பென்ஸ் ஜிஎல்ஏயில் 66.6. இடைவெளியை நிரப்பும் வளையம் போடாமல் மாட்டினால் வீல் நட்ட நடுவில் உட்காராது, 80ஐத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்கும். அதைவிட முக்கியம் போல்ட். ஆடியின் ஒரிஜினல் போல்ட்டின் அடிப்பக்கம் உருண்டையாக இருக்கும். வெளியில் விற்கிற அலாய் வீல் பலவற்றில் கூம்பு வடிவப் பள்ளம். உருண்டையைக் கூம்பில் வைத்து முறுக்கினால் இறுகின மாதிரிதான் தெரியும், பாதி இடம்தான் தொட்டுக்கொண்டிருக்கும். ஓட ஓடத் தளரும். கடையில் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "இந்த வீலுக்கு உருண்டை சீட்டா, கூம்பு சீட்டா?" பதில் சொல்லத் தெரியாத கடையில் வீல் வாங்காதீர்கள். மாட்டிய பிறகு 50, 100 கி.மீ. ஓட்டிவிட்டு டார்க் ஸ்பேனரில் மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள்.

சட்டம்? மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், உற்பத்தியாளர் கொடுத்த விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று சொன்னது. அதே வருஷத்துத் திருத்தத்தில், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ என்று வந்தது. ரோட்டில் நிறுத்தி யாரும் டயர் அளவு பார்ப்பதில்லை, உண்மைதான். விபத்து ஆகி இன்ஷூரன்ஸ் சர்வேயர் வரும்போது பார்ப்பார். கம்பெனி அங்கீகரித்த அளவுக்குள் நின்றால் அந்தப் பேச்சே வராது.

கடைசியாக ஸ்டெப்னி. இந்த வகை வண்டிகளில் பெரும்பாலும் மெலிந்த, தற்காலிக ஸ்டெப்னிதான் வரும், 80 கி.மீ. வேகம்தான் அதற்கு அனுமதி. வெளி வீல் மாட்டும்போது கடைக்காரர் அதற்கேற்ற புது போல்ட் போட்டுவிட்டு, பழைய போல்ட்டை ஒரு கவரில் போட்டு உங்கள் கையில் கொடுப்பார். பலர் அதை வீட்டில் பரணில் போட்டுவிடுகிறார்கள். ஸ்டெப்னிக்குச் சேருவது அந்தப் பழைய போல்ட்தான். ராத்திரி பதினோரு மணிக்கு நெமிலிச்சேரி தாண்டி டயர் போனால், ஜாக்கி இருக்கும், ஸ்டெப்னி இருக்கும், மாட்டுவதற்குப் போல்ட் இருக்காது. ஒரு துணிப்பையில் போட்டு ஸ்டெப்னி பக்கத்திலேயே கட்டி வைத்துவிடுங்கள்.